அதிகாரமில்லாத குழு எப்படி வழிநடத்துகிறது? வேலையிழப்புக் காப்பீடு பற்றி ஒரு பதில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உதிரிபாக ஆலையின் தொழிற்சங்க நிர்வாகி கேட்டிருந்த கேள்வி இது: “இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளூர்க் குழுவுக்கு எங்கள் சங்கம் என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறது. வேலையிழந்தோருக்கான உதவித்தொகை பற்றி அங்கே பேச விரும்புகிறேன். ஆலோசனைக் குழு என்றாலே டீ, பிஸ்கட், கையெழுத்து என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். வெளிநாடுகளில் வேலையிழப்புக் காப்பீட்டையே இத்தகைய குழுக்கள் வழிநடத்துகின்றன என்று படித்தேன். உத்தரவு போட அதிகாரம் இல்லாத குழு எதை வழிநடத்த முடியும்?”

உங்கள் நண்பர்களின் கிண்டலில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, அந்தக் குழுவை உருவாக்கிய சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதி மாறுவதற்கு முன்பே குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது ஒன்று. நிதியின் வரவு செலவு முழுவதையும் குழு பார்க்கலாம் என்பது இன்னொன்று. குழுவின் பரிந்துரையை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று அரசு எழுத்து மூலம் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சட்டத்தில் இருந்தால் ஆலோசனைக் குழுவின் பேச்சு எடுபடும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் நாளடைவில் சடங்காகிவிடும் என்பதே என் கணிப்பு.

வேலையிழப்புக் காப்பீட்டுக்கு மட்டும் இத்தகைய குழு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நோயும் மகப்பேறும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருபவை. எத்தனை பேருக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். வேலையிழப்பு அப்படி வருவதில்லை. அது பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, ஒரு மந்தநிலையில் ஆயிரக்கணக்கானோரை ஒரே நேரத்தில் தாக்கும். சந்தா வரவு சுருங்குவதும் அதே நேரத்தில்தான். ஆகவே நல்ல காலத்தில் பணத்தைச் சேர்த்துக் கெட்ட காலத்தில் செலவழிப்பதுதான் இந்தக் காப்பீட்டின் அடிப்படைக் கணக்கு. நடைமுறையில் இதற்கு நேர்மாறான நெருக்கடிகளே எழும். நிதியில் பணம் குவிந்திருக்கும்போது சந்தாவைக் குறைக்கச் சொல்லி முதலாளிகளும், உதவித்தொகையை உயர்த்தச் சொல்லித் தொழிலாளர்களும் கேட்பார்கள். பணம் தீரும்போது, உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே, உதவித்தொகையை வெட்ட அரசு நினைக்கும். தேர்தலை எதிர்கொள்ளும் அமைச்சர் ஒருவர் இந்த மூன்று நெருக்கடிகளுக்கும் தனியாக ஈடுகொடுப்பது கடினம். அதனால்தான் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அமைச்சரின் நிழலுக்கு வெளியே நின்று பேசும் ஒரு குழு வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் தோன்றியது.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிரிட்டன். கட்டாய வேலையிழப்புக் காப்பீட்டை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாட்டளவில் முதலில் கொண்டுவந்த நாடு அது. முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகப் பெருக, ஒவ்வோர் அரசும் விதிகளைத் தளர்த்தியும் கடன் வாங்கியும் காலம் தள்ளியது. வேலையிழப்பு நிதியின் கடன் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 1931 ஆகஸ்டில் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டுவதா கூடாதா என்ற கேள்வியிலேயே ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அமைச்சரவை பிளந்து கவிழ்ந்தது. பின்னர் வந்த தேசிய அரசு அந்த வெட்டை நடைமுறைப்படுத்தியது. ஓர் உதவித்தொகையின் விகிதமே அரசைக் கவிழ்க்கும் அளவுக்குப் போனபின், அந்த முடிவை நாள்தோறும் நடக்கும் அரசியலிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும் என்று எல்லாத் தரப்பும் உணர்ந்ததில் வியப்பில்லை.

1934ஆம் ஆண்டு வேலையின்மைச் சட்டம் அமைத்த சட்டப்பூர்வக் குழுவுக்குத் தலைவராகப் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் அமர்ந்து, 1944 வரை நீடித்தார். அந்தக் குழுவுக்கு ஒரு ரூபாயைக்கூடத் தானாகச் செலவழிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் நிதியின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். நிதி கடமைகளுக்குப் போதாது என்றாலோ தேவைக்கு மேல் இருக்கிறது என்றாலோ, என்ன திருத்தம் செய்யலாம் என்று சொல்லியே ஆக வேண்டும். அமைச்சர் அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பரிந்துரையிலிருந்து விலகினால் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “மிச்சம் இருக்கிறது, என்ன செய்யலாம்?” என்ற கேள்வியையும் சட்டமே எழுப்பியதைக் கவனியுங்கள். பற்றாக்குறை வரும்போது மட்டும் கூடும் குழு, காலப்போக்கில் வெட்டுவதற்கான கருவியாகவே பார்க்கப்படும். மிச்சத்தைப் பங்கிடும் கடமையும் தனக்கே இருந்ததால்தான் பெவரிட்ஜ் குழுவுக்குத் தொழிலாளர்களிடமும் ஒரு மரியாதை கிடைத்தது என்று நினைக்கிறேன். விவசாயத் தொழிலாளர்களை 1936இல் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த திட்டமும் அந்தக் குழு ஆராய்ந்து பரிந்துரைத்ததுதான்.

இந்த மரபு அங்கே இன்னும் தொடர்கிறது. 1980இல் அமைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிடம் பெரும்பாலான வரைவு விதிமுறைகளை அனுப்ப வேண்டும். குழு முறைப்படி அறிக்கை தந்தால், அதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்ற விளக்கத்தோடு அதை அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். இதிலும் ஓட்டைகள் உண்டு: அவசரம் என்று சொல்லி முதலில் விதியை அமலாக்கிவிட்டுப் பிறகு அனுப்பலாம், தாய்ச் சட்டத்தின் பிரிவு நடைமுறைக்கு வந்த 6 மாதத்துக்குள் செய்யப்படும் விதிமுறைகளை அனுப்பாமலும் இருக்கலாம். எந்த நாட்டுக் குழுவைப் பற்றிப் படித்தாலும் அதன் அதிகாரப் பட்டியலைவிட இந்த விதிவிலக்குகளைத்தான் நான் முதலில் தேடுவேன். அரசு குழுவைத் தவிர்க்க விரும்பினால் எந்த வழியாகப் போகும் என்பது அங்கேதான் தெரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் வேறொரு வழியில் போயிற்று. அந்நாட்டின் முதல் வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டம் 1932இல் அங்கேதான் நிறைவேறியது. கூட்டாட்சி அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல்தான் வந்தது. விஸ்கான்சின் ஆலோசனைக் குழுவில் தொழிலாளர் தரப்பில் ஐவர், முதலாளிகள் தரப்பில் ஐவர்; தலைமை தாங்கும் துறை அதிகாரிக்கு வாக்கு இல்லை. குழு ஒரு முடிவை எடுக்க குறைந்தது 7 வாக்கு வேண்டும். இந்த 7 என்ற எண்தான் அந்தக் குழுவின் உயிர் என்பேன். ஐந்து பேர் சேர்ந்து எதையும் நிறைவேற்ற முடியாது. எதிர்த் தரப்பில் இருவரையாவது இணங்க வைத்தாக வேண்டும். ஆகவே இரு தரப்பும் தத்தம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நிதியில் என்ன விளைவு என்று துறை அலுவலர்கள் போட்டுத் தரும் மதிப்பீட்டைப் பார்த்து, தனித்தனியே கூடிப் பேசி, பிறகு பேரத்துக்கு அமர்கிறார்கள். உதவித்தொகையின் உச்சவரம்பை உயர்த்த முதலாளிகள் ஒப்புக்கொண்டால், தகுதி விதியில் ஓர் இறுக்கத்தைத் தொழிலாளர் தரப்பு ஏற்கும். இப்படி உருவாவதை ‘உடன்பாட்டு மசோதா’ என்ற பெயரில் சட்டமன்றத்துக்கு அனுப்புவார்கள்.

சட்டமன்றம் இதற்குக் கட்டுப்பட்டதல்ல. குழுவை ஒதுக்கிவிட்டுச் சட்டம் செய்த தருணங்களும் உண்டு. ஆனாலும் தொழிலாளர்களும் முதலாளிகளும் கைகோத்துக் கொண்டுவரும் மசோதாவை எதிர்த்து வாக்களிக்க எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் வலுவான காரணம் கிடைப்பது அரிது. ஊதியப் பேச்சுவார்த்தையில் அமர்ந்த அனுபவம் உள்ள உங்களுக்கு இது புதிதல்ல. சமரச அதிகாரியின் முன் போடும் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டபின் அவர் அதைக் குலைக்க நினைப்பாரா?

குழுவின் கையிலிருந்து முடிவு நழுவினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவைப் பார்க்கலாம். அங்கே காப்பீட்டு ஆணையத்தில் தொழிலாளர்களுக்கு ஓர் ஆணையர், முதலாளிகளுக்கு ஓர் ஆணையர், அரசின் தரப்பில் இருவர் என நால்வர் உண்டு. 1990களின் நடுவிலிருந்து சந்தா வரவு செலவைவிட மிக அதிகமாகி, கணக்கில் 5,000 கோடி டாலருக்கு மேல் உபரி சேர்ந்தது. நடைமுறையில் அந்தப் பணம் அரசின் பொது வருவாயோடு கலந்துபோயிற்று. சில ஆண்டுகளுக்குச் சந்தா விகிதத்தை ஆணையத்துக்குப் பதிலாக அரசே நிர்ணயித்தது. தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கில் 2008இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெரும்பாலானவற்றில் அரசின் பக்கம் நின்றபோதிலும், 2002, 2003, 2005 ஆகிய ஆண்டுகளின் சந்தா வசூலுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. அதற்குள் தொழிலாளர்களின் பணம் செலவாகி முடிந்திருந்தது. உபரி என்பது கவனிப்பாரற்ற பணம். பற்றாக்குறையைவிட அதற்குத்தான் காவல் அதிகம் தேவை.

இனி நம் ஊருக்கு வருவோம். தனிச் சந்தாவும் தனி நிதியும் கொண்ட வேலையிழப்புக் காப்பீடு இந்தியாவில் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தின் உள்ளே ஓர் ஓரமாக அது இருக்கிறது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தால் குறைந்தது 40 சதவீத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்தவர்களுக்காக ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் 2005 ஏப்ரல் 1 முதல் வந்தது. 6 மாத உதவியாகத் தொடங்கிய அது படிப்படியாக 24 மாதம் வரை நீண்டது: முதல் 12 மாதம் சராசரி ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அடல் பெயரிலான இரண்டாவது திட்டம் 2018 ஜூலை 1 முதல் வந்தது. இதில் ஆயுளில் அதிகபட்சம் 90 நாள் மட்டும், தொடக்கத்தில் சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதம். நம் மாநில அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக இளைஞர்களுக்குத் தரும் உதவித்தொகையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சந்தா கட்டிப் பெறும் காப்பீடு அல்ல, அரசு நிதியிலிருந்து தரும் உதவி.

இந்த இரண்டு திட்டங்களையும் முடிவு செய்வது இ.எஸ்.ஐ. கழகம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய அந்தக் கழகத்தில் முதலாளிகளுக்கு 10 பேர், தொழிலாளர்களுக்கு 10 பேர், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒருவர், மருத்துவத் துறையினர், மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள், மத்திய அரசின் நியமனங்கள் என எல்லோரும் உண்டு. அதாவது காகிதத்தில் பார்த்தால் பிரிட்டன் குழுவைவிட நம் கழகம் வலுவானது. அது ஆலோசனை சொல்லிவிட்டு ஒதுங்குவதில்லை, முடிவெடுக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 102ஆம், 168ஆம் உடன்படிக்கைகள் இத்தகைய பங்கேற்பை வலியுறுத்துகின்றன. அவற்றை இந்தியா ஏற்று உறுதிசெய்யாவிட்டாலும் இந்த அமைப்பை 1948லேயே உருவாக்கியிருந்தது என்பதைப் பெருமையாகவே சொல்லலாம்.

இந்தக் கழகம் உருப்படியாக இயங்கிய தருணம் 2020 ஆகஸ்ட் 20. கொரோனா ஊரடங்கில் வேலையிழந்தவர்களுக்காக அன்று நடந்த கூட்டத்தில் அடல் திட்டம் மாற்றப்பட்டது. உதவித்தொகை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பது 30 நாளாயிற்று. விண்ணப்பத்தைக் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தின் வழியாக அனுப்ப வேண்டியதில்லை, தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றாயிற்று. மாதம் 18,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்குச் சராசரி 600 ரூபாய் வாங்கியவருக்கு 90 நாளுக்கு 13,500 ரூபாயாக இருந்தது 27,000 ரூபாய் ஆயிற்று. பத்திரிகைகள் இந்தத் தொகையைத்தான் எழுதின. என் பார்வையில் மூன்றாவது மாற்றமே பெரியது. வேலையை விட்டு அனுப்பிய அதே நிறுவனத்தின் வாசலில் போய்க் கையெழுத்துக்கு நிற்பது எத்தனை பேருக்கு நடக்கும்? மூடிக்கிடக்கும் ஆலையில் யாரிடம் கையெழுத்து வாங்குவது? காப்பீட்டுக் கணித வல்லுநர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் அவருடைய அட்டவணையில் இந்தத் தடை தெரியாது. அதை அறிந்தவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

அதே நிகழ்வு கழகத்தின் பலவீனத்தையும் காட்டுகிறது. இந்தத் தளர்வுகள் முதலில் 2020 டிசம்பர் 31 வரை என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டன. தனி நிதி இல்லாததால், 50 சதவீதத்தை நிரந்தரமாக்க எவ்வளவு செலவாகும், சந்தாவில் அதற்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வியைக் கட்டாயமாக எழுப்பும் சட்டப் பிரிவும் இல்லை. முதலாளி 3.25, தொழிலாளி 0.75 என 2019 ஜூலை முதல் வசூலாகும் 4 சதவீதச் சந்தாவில் வேலையிழப்புக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு கிடையாது. மருத்துவமனையும் மருந்தும் மகப்பேறும் போன பிறகு அதற்கும் கொஞ்சம். கழகத்தின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் நாடாளுமன்றத்துக்குப் போகின்றன, சொத்தும் கடமையும் அவ்வப்போது மதிப்பிடப்படுகின்றன. ஆனால் வேலையிழப்புக்கென்று தனியாக யாரும் கேள்வி கேட்கவும் யாரும் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்கள் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தும், 1934இல் பிரிட்டன் ஏற்படுத்திய அந்தப் பதில் சொல்லும் ஒழுங்கு இங்கே இல்லை.

இரண்டு திட்டங்களுக்கு இடையே உள்ள பிளவையும் பாருங்கள். முறைப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு 24 மாதம் வரை உதவி. ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ ஒப்பந்தக்காரரின் ஆளாக அதே இயந்திரத்தில் நின்றவரிடம் “நாளை முதல் வர வேண்டாம்” என்று சொன்னால் அவருக்கு 90 நாள். விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிவிட்டால் இரண்டிலுமே இடமில்லை. வேலை எப்படிப் போயிற்று என்பதைவிட அது காகிதத்தில் எப்படிப் பதிவாயிற்று என்பதே உதவியைத் தீர்மானிக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகியிருக்கும் நிலையில், ஓர் ஆலோசனைக் குழு வேறெதையும் செய்யாமல் இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்தாலே போதும்.

உங்கள் உள்ளூர்க் குழுவின் இடம் இந்தப் படத்தில் மிகக் கீழே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் 1950ஆம் ஆண்டுப் பொது விதிமுறைகளும் மண்டல வாரியம், உள்ளூர்க் குழு ஆகியவற்றுக்கு வழிவகுத்தன. திட்டம் சீராக நடப்பதற்கு உள்ளூரில் உள்ள தடைகளைப் பேசி, மண்டல இயக்குநருக்கோ மண்டல வாரியத்துக்கோ பரிந்துரைப்பதுதான் உள்ளூர்க் குழுவின் வேலை. விகிதத்தையோ கால அளவையோ உங்களால் தொட முடியாது. கூட்டத்தின் பெரும்பகுதி மருந்தகத்தில் மருந்து இல்லை, மருத்துவர் வரவில்லை என்பதிலேயே கழியும். அவையும் நியாயமான குறைகள்தாம். ஆகவே வேலையிழப்பு உதவித்தொகை நிகழ்ச்சி நிரலில் தனி இனமாக இடம்பெற வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வாய்மொழியாகச் சொன்னது கூட்டக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

எண்களையும் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் கிளை அலுவலகத்தின் எல்லைக்குள் ஓராண்டில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, நிராகரிக்கப்பட்டவற்றுக்குக் காரணம் என்ன, விண்ணப்பத்திலிருந்து பணம் வங்கிக் கணக்கில் ஏற எத்தனை நாளாயிற்று என்பவை போதும். குழு உறுப்பினராகக் கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடலாம். நிராகரிப்புக் காரணங்களில் 78 நாள் நிபந்தனையைத் தனியே பிரித்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆண்டு இரண்டு சந்தாக் காலமாகப் பிரிக்கப்பட்டு, ஒரு காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போது புதிய ஐ.பி. எண் (காப்பீடு பெற்ற தொழிலாளியின் அடையாள எண்) போட்டுவிட்டால், இடைவிடாமல் வேலை செய்தவருக்கும் நாட்கள் இரண்டு எண்களில் சிதறி, எதிலும் 78 தேறாமல் போகலாம். பழைய எண்ணோடு புதியதை இணைப்பதற்குக் கிளை அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்கச் சொல்வது, உள்ளூர்க் குழு பரிந்துரைக்கக்கூடிய, மண்டல அலுவலகம் மேலிடத்தைக் கேட்காமலே செய்யக்கூடிய காரியம்.

முதலாளிகள் தரப்பு உறுப்பினரைக் கூட்டத்துக்கு முன்பே சந்தித்துப் பேசுங்கள். எண் இணைப்பிலோ பணப் பட்டுவாடா தாமதத்திலோ அவருக்கு எந்த இழப்பும் இல்லை. சந்தாவைக் கட்டிய அவருக்கும் அது உரியவரைச் சேர வேண்டும் என்ற அக்கறை இருக்கும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கப் பரிந்துரை, ஒரு தரப்பு மட்டும் எழுதிய பத்துப் பக்க மனுவைவிட நுங்கம்பாக்கம் மண்டல அலுவலகத்தில் வேகமாக நகரும். அந்தப் பரிந்துரையின் கடைசி வரியில், அடுத்த கூட்டத்துக்குள் ஏற்பு அல்லது மறுப்புக்கான காரணம் எழுத்தில் வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். சட்டம் அந்தப் பதிலைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் முந்தைய கூட்டத்தின் நடவடிக்கை அறிக்கை என்ற இனம் நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக முதலில் வரும். பதில் வராத பரிந்துரையை அங்கே ஒவ்வொரு முறையும் தேதியோடு வாசிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியும் அசையாவிட்டால், மண்டல வாரியத்தில் உள்ள தொழிலாளர் பிரதிநிதியிடம் கூட்டக் குறிப்பின் நகல்களைக் கொடுங்கள்; கழகத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு அதைக் கொண்டுபோகும் வழி அவருடைய மத்தியச் சங்கத்துக்குத் தெரியும்.